மேல்மாடிக்கு என்ன விலை?

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை இரவு என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடிச் சன்னல். சுவரோரம் மரப்படி. படி ஏறினால் கட்டில் போட்ட மேல்தளம். கட்டிலில் படுத்தபடியே கீழே கூடத்தைப் பார்க்கலாம். படத்தின் அடியில் 'பழைய நகரின் நடுவே சொகுசு லோஃப்ட், விற்பனைக்கு' என்று எழுதியிருந்தது. விலை 8 லட்சம் ரிங்கிட்.

அனுப்பியவள் அண்ணன் மகள். அடுத்த நிமிடமே அழைத்தாள். "சித்தப்பா, நீங்க ஜேபி பழைய ஆளு. சனிக்கிழமை எங்களோட வந்து பாக்குறீங்களா? இவரு இப்பவே முன்பணம் கட்டிடலாம்னு நிக்கிறாரு."

அவர் அப்படி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. குடியிருப்பது ஸ்கூடாயில் வாடகை வீட்டில். விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஐந்தேகாலுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகளோடு ஊர்ந்து போவார்கள். மழை பெய்தால் மழைக்கோட்டுக்குள்ளேயே பாதி நனைந்துவிடும். வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இருவரும் சேர்ந்து சாப்பிட்ட இரவு உணவை விரல் விட்டு எண்ணலாம் என்று அண்ணி வருத்தப்படுவார். அந்த வீட்டிலிருந்து நடந்தே ரயிலுக்குப் போகலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஒரு நிபந்தனையோடு வருகிறேன் என்றேன். வீடு பார்க்க மதியம் போகலாம். காலையில் தெருவைப் பார்க்க வேண்டும். வீட்டைப் பார்க்க அரை மணி நேரம் போதும். தெருவைப் பார்க்க அரை நாளாவது ஆகும்.

காலை எட்டு மணி

ஜொகூரில் 2025 முதல் சனியும் ஞாயிறும்தான் வார விடுமுறை. அதனால் சனிக்கிழமை காலையிலேயே ஜாலான் டான் ஹியோக் நீ தெருவில் கூட்டம். பாதிப்பேர் ஹியாப் ஜூ ரொட்டிக்கடை முன்னால் வரிசையில் நின்றார்கள். 1919-ல் தொடங்கிய கடை அது. விறகு அடுப்பில் வேகும் வாழைப்பழக் கேக்கின் வாசனை தெருமுனை வரை வந்தது. மாப்பிள்ளை வரிசையில் நின்று ஒரு பெட்டி வாங்கி வந்தார். சுடச்சுட ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அஞ்சடியில் நடந்தோம்.

அஞ்சடி என்றால் நம் ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைவீடுகளின் முன்னால், மேல்மாடியின் நிழலில் ஓடும் நடைபாதை. 1822-ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில் ஒவ்வொரு கட்டடமும் இப்படி ஒரு வழி விட வேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் தீபகற்பம் முழுக்கப் பரவியது. வெயிலோ மழையோ, குடையில்லாமல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகலாம். தனியார் கட்டடத்தின் ஒரு பகுதியை ஊருக்கே விட்டுக்கொடுத்த ஏற்பாடு அது.

கடைவீட்டின் அமைப்பும் அப்படித்தான். முகப்பு குறுகல், உள்ளே நீளம். நடுவில் வானம் பார்த்த ஒரு திறப்பு. காற்றும் வெளிச்சமும் அதன் வழியே இறங்கும். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைக் கையகலமாகச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. கீழே கடை, மேலே குடித்தனம். கடை அடைத்தாலும் தெரு அடங்காது, மேல்மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இந்த ஊர் தொடங்கியது 1855-ல். தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் காலத்தில் இதன் பெயர் தஞ்சோங் புத்ரி. அவர் மகன் அபு பக்கார் 1866-ல் ஜொகூர் பாரு என்று பெயர் மாற்றினார். மிளகும் கம்பீரும் பயிரிடச் சீனர்களை வரவழைத்தார்கள். அவர்களில் பெரும் செல்வந்தராக வளர்ந்தவர்தான் இந்தத் தெருவுக்குப் பெயர் தந்த டான் ஹியோக் நீ.

தெருவைத் தாண்டி ஜாலான் டோபிக்குள் திரும்பினோம். பெயரே சொல்லிவிடும், சலவைத் தொழிலாளர்களின் தெரு. பக்கத்தில் செகெட் ஆறு. பின்னாளில் அது நாற்றமெடுத்த சாக்கடையாகி, மேலே மூடி போட்டு மறைத்து, மறுபடியும் திறந்து சுத்தம் செய்தார்கள். இதே தெருவில் 1937 முதல் இருக்கிறது சலாஹுதீன் ரொட்டிக்கடை. பள்ளிக்கூட நாளில் இங்கே கறிபப்பு வாங்கித் தின்றுவிட்டு வீட்டில் பொய் சொன்ன கதையை அண்ணன் மகளிடம் சொன்னேன். ஒரு வீட்டின் முன்னால் நின்று மேலே கை காட்டினேன்.

"உங்க தாத்தா இந்த மாதிரி ஒரு மேல்மாடியிலதான் குடியிருந்தாரு."

அவளுக்கு அது தெரியாது. அறுபதுகளில் தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த என் அப்பாவுக்குக் கிடைத்தது கடைவீட்டு மாடியில் ஒரு பலகைத் தடுப்பு. நாலு பேருக்கு ஒரே தடுப்பு. சுவர் கூரையைத் தொடாது. அடுத்த தடுப்பில் ஒருவர் இருமினால் இங்கே விழிப்பு வந்துவிடும். குளியலறைக்குக் காலையில் வரிசை. அங்கிருந்து மீண்டுவிட வேண்டும், கூரை வரை சுவர் உள்ள ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் கனவு. பதினெட்டு வருடம் சேர்த்து லார்கினில் ஒரு சின்ன வரிசை வீடு வாங்கினார்.

அண்ணன் மகள் கொஞ்ச நேரம் மேலே பார்த்தபடி நின்றாள். "தாத்தா தப்பிச்சு ஓடின மேல்மாடிக்கு நான் எட்டு லட்சம் கொடுத்துத் திரும்பி வரப் பாக்குறேனா சித்தப்பா?" என்று சிரித்தாள்.

லோஃப்ட் பிறந்த கதை

அவள் வேடிக்கையாகச் சொன்னதில் உண்மை இருக்கிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் சோஹோ என்று ஒரு பகுதி. 19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு முகப்புகளோடு கட்டிய கிடங்குகளும் பட்டறைகளும் நிறைந்த இடம். உயரமான கூரையும் பெரிய சன்னலும் கொண்ட அந்த மேல்தளங்களுக்குத்தான் லோஃப்ட் என்று பெயர். தொழில்கள் நகரை விட்டுப் போனதும் அவை காலியாகக் கிடந்தன. கையில் காசில்லாத ஓவியர்களும் சிற்பிகளும் சட்டத்துக்குத் தெரியாமல் குடியேறினார்கள். 1971-ல் நகர நிர்வாகம் கலைஞர்கள் அங்கே வசிக்க அனுமதி கொடுத்தது. 1973-ல் அந்தப் பகுதியைப் பாரம்பரிய வட்டாரமாக அறிவித்தார்கள். கலைஞர்கள் இருக்கும் இடம் என்று பேர் வந்ததும் பணக்காரர்கள் வந்தார்கள். பிறகு கலைஞர்களால் அங்கே வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை.

ஏழைகள் வேறு வழியில்லாமல் ஏறிய மேல்மாடி, ஒரு தலைமுறைக்குள் சொகுசுப் பொருளாகிவிட்டது. இன்று புதிதாகக் கட்டும் கோபுரத்திலும் கூரையைக் கொஞ்சம் உயர்த்தி, பாதியில் ஒரு தளம் போட்டால் லோஃப்ட் என்று பெயர் வைக்கிறார்கள். நம் நாட்டு விளம்பரங்களில் வரும் சோஹோவுக்கும் நியூயார்க்குக்கும் தொடர்பில்லை. அது சிறு அலுவலகம், வீட்டிலேயே அலுவலகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பெயர் ஒன்றாக இருப்பது விற்பவருக்கு வசதி.

ராஜமாரியம்மன் வாசலில்

ஜாலான் துருஸ் வழியாக நடந்தோம். டான் ஹியோக் நீ எழுப்பிய பழைய சீனக் கோயில் இங்கேதான் இருக்கிறது. தியோச்சூ, ஹொக்கியன், கண்டோனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று ஐந்து சமூகங்களின் ஐந்து தெய்வங்கள் ஒரே கூரையின் கீழ். சீனப் புத்தாண்டின் முதல் மாதம் 21ஆம் நாள் இரவு அந்த ஐந்து தெய்வங்களும் ஊர்வலம் வரும்போது இந்தத் தெருக்களில் நிற்க இடமிருக்காது. அதே சாலையில் சீக்கியர்களின் குருத்துவாரா. சற்றுத் தள்ளி மாதா கோயில். ஜாலான் டியூக்கில் இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல். அப்படியே ஜாலான் உங்கு புவானுக்கு வந்தால் நம்முடைய ராஜமாரியம்மன் கோயில் கோபுரம்.

கோயிலைச் சுற்றித்தான் லிட்டில் இந்தியா. பூக்கடை, மளிகைக்கடை, துணிக்கடை, இலைபோட்டுச் சாப்பாடு. தீபாவளிக்கு முந்தைய வாரம் இங்கே நடந்தவர்களுக்குத் தெரியும், நெரிசலில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு, வழக்கமாக நான் பூ வாங்கும் அக்காவிடம் நின்றோம். மல்லிகையை முழம் போட்டபடியே கேட்டார்: "இந்தப் பக்கம் என்ன காத்தாலேயே?"

"வீடு பாக்க வந்தோங்க்கா. இங்கேயே குடிவரலாம்னு" என்றாள் அண்ணன் மகள்.

அக்காவின் கை நின்றுவிட்டது. "இங்கேயா? குடித்தனமா?"

அவர் கடைக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டோம். "முன்ன ஒரு குடும்பம் இருந்துச்சு. பிள்ளைங்க படிச்சதும் தாமானுக்குப் போயிட்டாங்க. இப்ப மேல சாமான்தான் போட்டு வச்சிருக்கு. இந்த வரிசையில பாதி அப்படித்தாம்மா. பகல்ல பாரு, ஜேஜேன்னு இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல நாய்கூட நடக்காது. பக்கத்துல பத்துக் குடும்பம் இருந்தா நான் இன்னொரு மணி நேரம் கடையத் தொறந்து வைப்பேன்."

அந்தப் பேச்சை மூன்று பேரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்திரண்டாவது மாடி

மதியம் வீட்டைப் பார்க்கப் போனோம். முகவர் நல்ல பிள்ளை. குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உபசரித்தார். கதவைத் திறந்ததும் படத்தில் பார்த்த அதே கண்ணாடி. வெளியே ஜொகூர் நீரிணை, அதற்கு அப்பால் உட்லண்ட்ஸ் அடுக்குமாடிகள். கீழே குனிந்து பார்த்தால் பழைய நகரின் ஓட்டுக் கூரைகள், அவற்றின் நடுவே அம்மன் கோபுரம். மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. சத்தம்தான் கேட்கவில்லை. காலையில் நடந்த அத்தனை தெருவும் ஊமைப்படம் மாதிரி கீழே ஓடியது.

படி ஏறி மேல்தளத்துக்குப் போனாள் அண்ணன் மகள். "சித்தப்பா, மேல வாங்க, சூட்டைப் பாருங்க." சூடான காற்று மேலே ஏறும் என்பது பள்ளிப் பாடம். இரண்டு மாடி உயரக் கூடத்துக்குக் குளிர்சாதனம் போட்டால் கீழே உட்கார்ந்திருப்பவர் நடுங்குவார், மேலே படுத்திருப்பவருக்கு வியர்க்கும். மேல்தளத்துக்குக் கதவு கிடையாது. கீழே ஒருவர் தொலைக்காட்சி பார்த்தால் மேலே தூங்க முடியாது. கைப்பிடி கம்பிகளுக்கிடையே ஒரு குழந்தை புகுந்துவிடும். அண்ணிக்கு முழங்கால் வலி, அந்தப் படியில் ஏற முடியாது. ஆக, பார்க்க இரண்டு மாடி. குடும்பத்துக்குப் பயன்படுவது ஒன்று.

1,000 சதுர அடி என்று சொன்ன அளவில் கூடத்துக்கு மேலே உள்ள வெற்றிடமும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாக முகவர் குறித்துக்கொண்டார். லோஃப்ட் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அடுத்தது, மேல்தளம் அங்கீகரித்த வரைபடத்தில் இருக்கிறதா, பிறகு போட்டதா என்பது. மூன்றாவது, நிலம் குடியிருப்புக்கா வணிகத்துக்கா என்பது. வணிக நிலமாக இருந்தால் மின்சாரம், தண்ணீர், மதிப்பீட்டு வரி எல்லாவற்றிலும் கட்டணம் வேறாக இருக்கலாம்.

வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தோம். கதவு திறந்ததும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஒரு கூட்டம் இறங்கியது. வார இறுதியைக் கழிக்க சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள். கீழே நுழைவாயில் கம்பியில் சின்னச் சின்னச் சாவிப்பெட்டிகள் வரிசையாகத் தொங்கின. எண்ணை அழுத்தினால் திறக்கும், சாவியை எடுத்துக்கொண்டு போகலாம்.

"இதுதான் சார் லாபமே. நீங்க குடியிருக்கணும்னே அவசியமில்ல. நாள் வாடகைக்கு விட்டாலே தவணை கட்டிடலாம்" என்றார் முகவர்.

அண்ணன் மகள் கேட்டாள்: "இந்த மாடியில எத்தனை வீட்டுல நிரந்தரமா ஆள் இருக்காங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு, மூணு இருக்கும்மா."

கணக்குப் போட்டுப் பார்த்தால்

பக்கத்தில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வீடு தேடும் இளம் தம்பதியருக்கு உதவும் என்பதால் அதை இங்கே தருகிறேன்.

விலை 8,00,000 ரிங்கிட். வங்கி 90 விழுக்காடு கடன் கொடுத்தால் கையிலிருந்து 80,000. உரிமை மாற்று முத்திரைத் தீர்வை முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2 விழுக்காடு, அதற்கு மேல் 10 லட்சம் வரை 3 விழுக்காடு. கூட்டினால் 18,000. கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு, 3,600. முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரைத் தீர்வைச் சலுகை 5 லட்சம் வரையிலான வீடுகளுக்குத்தான். இந்த விலைக்குக் கிடைக்காது. வழக்கறிஞர் கட்டணம், திரைச்சீலை, அடுப்பு எதையும் சேர்க்காமலே 1,01,600 ரிங்கிட் ஆகிவிட்டது.

மாதத் தவணையை 4 விழுக்காடு வட்டிக்கு, 35 ஆண்டுக்குப் போட்டால் சுமார் 3,190. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 45 சென் என்று வைத்துக்கொண்டால் மாதம் 450. அதில் 10 விழுக்காடு சேமநிதிக்குப் போக வேண்டும் என்பது சட்டம், 45 ரிங்கிட். மொத்தம் 3,685. மூன்று ஆண்டுக்குள் மனம் மாறி விற்றால், லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. ஆறாம் ஆண்டு முதல்தான் குடிமக்களுக்கு அது கிடையாது.

"சிங்கப்பூர்ச் சம்பளத்துல கட்டிடலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. முடியும்தான். இருவரில் ஒருவருக்கு வேலை போகாத வரை, குழந்தை பிறந்து ஒருவர் வீட்டிலிருக்காத வரை.

நாள் வாடகை கைகொடுக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. கோலாலம்பூர் மோன்ட் கியாராவில் ஓர் அடுக்குமாடியில் குறுகிய கால வாடகைக்கு விடக்கூடாது என்று நிர்வாகக் கழகம் விதி கொண்டுவந்தது. உரிமையாளர்கள் வழக்காடினார்கள். 2020 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. நான்கில் மூன்று பங்கு வாக்கு இருந்தால் எந்த அடுக்குமாடியிலும் அப்படி ஒரு விதி வரலாம். உங்கள் தவணை அதை நம்பியிருந்தால், ஒரு மாலைநேரக் கூட்டத்தில் கணக்கு கவிழ்ந்துவிடும்.

விலை ஏறும் என்பதற்குச் சொல்லும் காரணங்கள் பொய்யில்லை. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில்பாதை. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பயணம் ஐந்து நிமிடம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். 1924-ல் அதிகாரபூர்வமாகத் திறந்த பாலத்தை இன்று நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். அவர்களில் ஒரு பங்கினர் ரயிலுக்கு மாறினாலே நிலைய வட்டாரத்தின் மதிப்பு வேறு. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டார ஒப்பந்தமும் சேர்ந்துகொண்டது. ஆனால் இதெல்லாம் விற்பவருக்கும் தெரியும். 8 லட்சம் என்ற விலைக்குள் நாளை வரப்போகும் ரயிலின் டிக்கெட்டும் அடங்கியிருக்கிறது.

பினாங்கைப் பார்த்து

பழைய நகரத்துக்குத் திடீரென்று மதிப்பு கூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜ்டவுன் நம் கண்முன் இருக்கிறது. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 1997-ல் ரத்தானது. 2000 முதல் கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. வாடகை ஏறியதும் தலைமுறையாக இருந்த பல குடித்தனங்கள் வெளியேறின. 2008-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபிறகு கட்டடங்கள் மெருகேறின. தங்குவிடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. கட்டடங்களைக் காப்பாற்றியவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் சவரக்கடை, பூக்கடை, மாவு மில் போன்றவை சுற்றுலாப் பயணியை நம்பிப் பிழைக்க முடியாது. அவற்றுக்கு நாள்தோறும் வரும் அக்கம்பக்கத்து ஆள் வேண்டும்.

ஒரு கட்டடம் எதனால் நிலைக்கிறது என்பதற்கு டான் ஹியோக் நீயே சாட்சி. சிங்கப்பூரில் அவர் 1885-ல் கட்டி முடித்த மாளிகை இன்றும் நிற்கிறது. ரயில் நிலைய அதிகாரியின் வீடு, பெண்பிள்ளைகளுக்கான பள்ளி, இரட்சணிய சேனையின் தலைமையகம், வணிகக் கல்லூரி என்று அது மாறி மாறி யாருக்காவது பயன்பட்டுக்கொண்டே இருந்தது. 1974-ல் தேசிய நினைவுச் சின்னமானது. சட்டம் காத்தது உண்மை. உள்ளே ஆள் புழங்கியதும் காத்தது.

நம் ஜேபியில் நான் பார்ப்பது ஒரு விசித்திரம். உண்மையான மேல்மாடிகள் சாமான் கிடங்காகப் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைப் போலச் செய்த மேல்மாடிகள் இருபத்திரண்டாவது தளத்தில் 8 லட்சத்துக்கு விலை போகின்றன. 'பழைய நகரின் நடுவே' என்ற வார்த்தைக்காகத்தான் அந்த விலை. அந்த வார்த்தையை உண்டாக்கியவர்கள் வாழைப்பழக் கேக் சுடுகிறவரும் மல்லிகை தொடுக்கிறவரும்தான். அந்த 8 லட்சத்தில் அவர்களுக்கு ஒரு காசு போவதில்லை. அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றுதான், அக்கம்பக்கத்தில் குடிவரும் மனிதர்கள். அதுவும் சாவிப்பெட்டியாகத் தொங்கினால் என்ன செய்வது?

தேத்தண்ணிக் கடையில் இதைத்தான் பேசினோம். வாங்காதே என்று நான் சொல்லவில்லை. நான்கரை மணிக்கு எழுந்து பாலத்தில் நனைகிறவள் அவள்; எனக்கு அந்த உரிமை கிடையாது. நீண்ட நேரம் பேசாமல் இருந்தவள் கணவரிடம் கேட்டாள்: "நாம குடியிருக்க வாங்குறோமா, விடுறதுக்கு வாங்குறோமா? குடியிருக்கன்னா அந்தச் சூட்டுல நான் படுக்க மாட்டேன். விடுறதுக்குன்னா அந்த அக்கா ஒன்பது மணிக்கே கடையச் சாத்திட்டுப் போகட்டும்னு அர்த்தம்."

மாப்பிள்ளை கடன் கணக்கு எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசல் விளக்கு

அவர்கள் அந்த லோஃப்டை வாங்கவில்லை. வீடு வாங்கும் ஆசையையும் விடவில்லை. ரயில் ஓடத் தொடங்கி ஓராண்டு ஆகட்டும், ஊர் எப்படி மாறுகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை இந்த வட்டாரம் தங்களுக்கு ஒத்துவருமா என்று குடியிருந்தே பார்த்துவிட முடிவு செய்தார்கள். கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், இரண்டாவது மாடியில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. மின்தூக்கி இல்லை. கூரை உயரமும் இல்லை. எதிர் வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். முதல் நாளே வந்து யாரென்று விசாரித்துவிட்டுப் போனாராம்.

இரண்டு வாரத்துக்கு முன் பால் காய்ச்சினார்கள். பூ வாங்க நானும் அவளும் அக்கா கடைக்குப் போனோம். குடிவந்துவிட்டதைச் சொன்னதும், கேட்டதற்கு மேல் ஒரு முழம் அளந்து போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

"எத்தனாவது மாடி?" என்று கேட்டார்.

"ரெண்டாவதுக்கா. தெருப் பக்கம்."

"அப்ப ராத்திரி வெளக்கு இங்கேருந்து தெரியும்" என்றார் அக்கா, மல்லிகையைக் கட்டியபடியே.